எரிச்சலோட செய்யற உதவி அன்புல சேருமா? விசுவாசம், கிரியை (நற்செயல்) பத்தி ஒரு சந்தேகம்

தோட்டத்து நாசிலெமாக் எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் மலேசியா, சுங்கை சிப்புட். தோட்டத்துல பொறந்து வளர்ந்தவ. எங்க லயம் (தொழிலாளர் வரிசை வீடு) இருந்த இடத்துல இப்ப செம்பனை நிக்குது, நாங்க டவுன் பக்கம் ரூமா மூராவுக்கு (மலிவு விலை வீடு) வந்துட்டோம். காலையில வீட்டுக்கு முன்னால மேசை போட்டு நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு, சம்பல்), தோசை, வடை விக்கிறேன். பைபிள் காலேஜ் எல்லாம் போனதில்ல, கேள்வி சின்னப்புள்ளத்தனமா இருந்தா பொறுத்துக்குங்க.

எங்க வரிசைக் கடைசி வீட்டுல ஒரு பெரியவர் இருக்கார். தோட்டத்துல குலை ஏத்தற லாரில இருந்தவர். இனிப்புநீர் (சக்கரை வியாதி) முத்தி இடது காலை முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. சம்சாரம் போயிட்டாங்க. மகன் ஜொகூர்ல, வருசத்துக்கு ஒரு போன் வந்தா பெருசு. காலைல என் கடைலருந்து ஒரு பொட்டலம் போகும், மத்தியானம் என் நாத்தனார் சோறு கொடுத்துவிடும். கிளினிக் நாளுக்கு நான்தான் காடி (கார்) பிடிச்சுக் கூட்டிட்டுப் போவேன்.

மனுசன் நல்ல வாய்க்காரர்னா பரவாயில்ல. சம்பல் உறைக்கலம்பார். முட்டை அவிச்ச நாத்தம்பார். இனிப்புநீர்க்காரருக்கு ஏன் சோத்தைக் குறைச்சேன்னு எங்கப்பன் ஆத்தாளை எல்லாம் இழுப்பார். போன மாசம் பொட்டலத்தைத் தூக்கி வாசல்ல எறிஞ்சார். வாழையிலை ஒரு பக்கம், நெத்திலி ஒரு பக்கம். கூட்டி அள்ளிட்டு வீட்டுக்கு வந்து சட்டியைப் போட்டு அடிச்ச அடில என் மகன் பயந்துட்டான். அடுத்த நாளும் கொண்டு போனேன். ஆனா மூஞ்சைத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் போனேன். இன்னிக்கு வரைக்கும் அப்படித்தான்.

இதை வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துல சாட்சி நேரத்துல சொல்லித் தொலைச்சேன். கூட்டம் நடத்துற அண்ணன் சொன்னார்: "சிஸ்டர், நீங்க மார்த்தாள் மாதிரி ஓடறீங்க. கிரியையினால எவனும் இரட்சிக்கப்படறதில்ல. அவருக்குத் தேவை வார்த்தை, சம்பல் இல்ல." நாலு பேர் ஆமென் போட்டாங்க. என் நாத்தனார் சும்மா இருக்குமா? யாக்கோபு 2-ஐத் திறந்து, கிரியை இல்லாத விசுவாசம் செத்ததுன்னு படிச்சுது. அண்ணன் உடனே, யாக்கோபு நிருபத்தைப் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தை ஆரம்பிச்ச லூத்தரே வைக்கோல்னு சொன்னாருன்னு போட்டார் ஒரு போடு. அப்புறம் டீ வந்துச்சு, பேச்சு மாறிடுச்சு.

அவங்க சண்டை எனக்குப் பெருசில்ல. என்னை அரிக்கிறது வேற. வீட்டுக்கு வந்து 1 கொரிந்தியர் 13 படிச்சேன். எனக்கு உண்டான யாவற்றையும் அன்னதானம் பண்ணினாலும் அன்பு இல்லைன்னா பிரயோஜனம் ஒண்ணுமில்லையாம். அன்பு சினமடையாதாம். நான் தினம் காலைல சினமடையறேனே! அந்த ஆள் மேல எனக்குப் பாசம் இல்ல, பொய் சொல்லக்கூடாது. அப்ப நான் கொண்டு போற சோறு எந்தக் கணக்கு? விசுவாசமா, வெறும் கிரியையா, அன்பா? மூணும் இல்லன்னா நிறுத்திட்டு, மனசு மாறுனதும் போகட்டுமா?

தெரிஞ்சவங்க சொல்லுங்க லா. வசனத்தை மட்டும் தூக்கிப் போட்டுட்டுப் போகாதீங்க.

---

கிருபை மட்டும் எழுதியது:

சகோதரி, பதில் எபேசியர் 2:8, 9-ல் தெளிவாக இருக்கிறது. "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்." ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு இது கிரியைகளினால் உண்டானதல்ல. ரோமர் 3:28-ஐயும் பாருங்கள். உங்கள் கூட்டத் தலைவர் சொன்னதில் தவறு இல்லை. நாம் செய்வதைக் கணக்குப் பார்க்க ஆரம்பித்தாலே கிருபையை விட்டு விலகுகிறோம். முதலில் உங்கள் இருதயத்தை ஆண்டவரிடம் கொடுங்கள், மற்றது தானாக வரும்.

---

தோட்டத்து நாசிலெமாக்:

இருதயத்தைக் கொடுத்து இருபது வருசத்துக்கு மேல ஆச்சு தம்பி. தானா வரலன்னுதானே இங்க வந்து கேக்கறேன். அதுவரைக்கும் பெரியவர் பசியாறாம இருக்கணுமா?

---

ஓய்வு டிரசர் எழுதியது:

தங்கச்சி, நான் கோலகங்சார் பக்கம். தோட்டத்து ஆஸ்பத்திரில டிரசரா (காயத்துக்குக் கட்டுப் போடறவன்) இருந்து ஓய்வு பெத்தவன். மெதடிஸ்ட் சபையில அப்பப்ப பிரசங்கம் செய்யற ஆள். கொஞ்சம் நீளமா எழுதறேன், நாசி லெமாக் யாவாரம் முடிஞ்சதும் படிங்க.

முதல்ல மார்த்தாள். லூக்கா 10-ஐ எடுங்க. இயேசு வீட்டுக்கு வந்தப்ப மார்த்தாள் விருந்து வேலையில ஓட, தங்கச்சி மரியாள் உக்காந்து அவர் பேச்சைக் கேட்ட கதை 38-ஆம் வசனத்துல ஆரம்பிக்குது. அதுக்கு நேர் மேல என்ன கதை? நல்ல சமாரியன். அவன் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டறான், தன் வாகனத்துல ஏத்தறான், சத்திரக்காரன் கையில ரெண்டு பணம் கொடுக்கறான், பத்தலன்னா திரும்பி வரும்போது தர்றேங்கறான். "நீயும் போய் அந்தப்படியே செய்"னு இயேசு முடிச்ச கையோட மார்த்தாள் வீட்டுக்குப் போறார். லூக்கா ரெண்டையும் அடுத்தடுத்து வச்சிருக்கார். ஒண்ணை மட்டும் பிச்சு எடுத்துட்டு வந்து சோறு கொடுக்கறவ தலையில கொட்டறது எனக்குப் பிடிக்கல. மார்த்தாளை ஆண்டவர் கண்டிச்சது சமைச்சதுக்கு இல்ல, அவ கவலைப்பட்டுக் கலங்கி, தங்கச்சி மேல புகார் சொன்னதுக்கு. (சமைக்காம விட்டிருந்தா அன்னிக்கு வந்தவங்க எல்லாம் என்ன சாப்பிட்டிருப்பாங்கன்னு எந்தப் பிரசங்கியாரும் சொன்னதில்ல.)

அடுத்து பவுலும் யாக்கோபும். ரெண்டு பேரும் ஒரே வசனத்தை, ஆதியாகமம் 15:6-ஐ, ஆபிரகாம் தேவனை விசுவாசிச்சான், அது அவனுக்கு நீதியா எண்ணப்பட்டுச்சுங்கறதை எடுத்துக்கிட்டு வேற வேற பக்கம் போறாங்க. சண்டை போடறாப்புல தெரியும். ஆனா எதிர்ல நிக்கற ஆள் வேற. பவுலுக்கு எதிர்ல நிக்கறவன், புறஜாதியார் (யூதர் அல்லாதவங்க) உள்ள வரணும்னா விருத்தசேதனம் பண்ணிட்டு வரட்டும்னு வாசல்ல குறுக்க நிக்கறவன். அவனுக்குத்தான் பவுல் சொல்றார், நியாயப்பிரமாணத்தின் கிரியைகள் டிக்கெட் இல்லப்பான்னு. யாக்கோபுக்கு எதிர்ல இருக்கறவன் ஏற்கெனவே உள்ள உக்காந்திருக்கறவன். அதே 2-ஆம் அதிகாரம் எப்படி ஆரம்பிக்குது பாருங்க. பொன் மோதிரம் போட்டவன் வந்தா நல்ல இடம், கந்தை கட்டினவன் வந்தா நீ அங்க நில்லுங்கற சபை அது. எங்க சபையிலயும் டத்தோ பட்டம் வாங்கினவர் வந்தா முன்வரிசை நாற்காலிக்குத் துணி போடறோம், அது இருக்கட்டும். அந்தச் சபைக்காரன்தான் உடுப்பும் ஆகாரமும் இல்லாதவனைப் பாத்து, சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்னு வாயால சொல்லி அனுப்பறான். பசியாறிட்டியான்னு கேட்டுட்டுத் தட்டு வைக்காம உள்ள போறவனை நம்ம லயத்துல என்னன்னு சொல்வாங்க? யாக்கோபு மரியாதையா, உன் விசுவாசம் செத்துப்போச்சுன்னு சொன்னார்.

லூத்தர் வைக்கோல்னு சொன்னது உண்மைதான். 1522-ல புதிய ஏற்பாட்டை ஜெர்மன்ல போட்டப்ப முன்னுரையில எழுதினார். பிற்பாடு வந்த பதிப்புகள்ல அந்த வரி இல்ல. அதே 1522-ல ரோமருக்கு அவர் எழுதின முன்னுரையையும் உங்க அண்ணன் படிக்கணும். விசுவாசம்னா உயிருள்ளது, ஓயாம வேலை செய்யறது, நல்லது செய்யட்டுமான்னு அது கேக்கறதுக்கு முன்னாலேயே செஞ்சிருக்கும்னு எழுதறார். 1738 மே 24 ராத்திரி லண்டன்ல ஒரு கூட்டத்துல இந்த முன்னுரையைத்தான் ஒருத்தர் வாசிச்சார். அதைக் கேட்டுத்தான் எங்க மெதடிஸ்ட் இயக்கத்தை ஆரம்பிச்ச ஜான் வெஸ்லிக்கு உள்ளம் அனலாச்சு.

இப்ப உங்க நிஜக் கேள்விக்கு வர்றேன். மனசு மாறுனதும் போகட்டுமான்னு கேட்டீங்கல்ல? இதே கேள்வியை வெஸ்லி காலத்துலயே கேட்டுட்டாங்க. அவர் இருந்த ஃபெட்டர் லேன் சங்கத்துல சிலர், பூரண விசுவாசம் வர்ற வரைக்கும் சும்மா இருங்க, திருவிருந்து எடுக்க வேணாம், நற்கிரியை வேணாம், காத்திருங்கன்னு போதிச்சாங்க. வெஸ்லி வாதாடிப் பாத்துட்டு 1740-ல அந்தச் சங்கத்தை விட்டு வெளிய வந்தார். 1743-ல நம்ம சங்கங்களுக்குப் பொது விதிகள் எழுதினப்ப, பசிச்சவனுக்குச் சோறு, உடுப்பில்லாதவனுக்கு உடுப்பு, வியாதிக்காரனையும் சிறையில இருக்கறவனையும் போய்ப் பாக்கறதுன்னு எழுதிட்டு, பக்கத்துலயே ஒண்ணு சேர்த்தார். மனசு தாராளமா வந்தாத்தான் நன்மை செய்யணும்ங்கற உபதேசத்தைக் காலுக்குக் கீழ போட்டு மிதிங்கன்னு. அதைப் பிசாசின் உபதேசம்னே சொல்றார். கூட்டம் நடத்துற அண்ணன் மெதடிஸ்டா இருந்தா இதை எடுத்துக் காட்டுங்க. கோபப்பட்டா நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.

வெஸ்லிக்கே அந்த அனுபவம் உண்டு. உள்ளம் அனலாகறதுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னால, எனக்கே விசுவாசம் இல்ல, நான் எப்படிப் பிரசங்கம் பண்றது, நிறுத்திடட்டுமான்னு பீட்டர் பொய்லர்ங்கற மொராவியன் சபைப் போதகரைக் கேட்டார். நிறுத்தாதே, விசுவாசம் வர்ற வரைக்கும் விசுவாசத்தைப் பிரசங்கி, வந்த பிற்பாடு அது வந்ததாலயே பிரசங்கிப்பேன்னார் அவர்.

நான் டிரசர் புத்தியில ஒண்ணு சொல்றேன். இனிப்புநீர்ப் புண்ணு எப்படி நாறும்னு உங்களுக்குத் தெரியும். பழைய கட்டு சீழ்ல ஒட்டியிருக்கும், உப்புத்தண்ணி ஊத்தி ஊறவச்சு மெதுவா எடுக்கணும், அவசரப்பட்டுப் பிச்சா புதுச்சதையும் கூட வரும். ஆள் கத்துவான், கெட்ட வார்த்தை சொல்வான். வரிசையில இருபது பேர் நிப்பாங்க. இந்த ஆள் மேல எனக்குப் பாசம் பொங்கட்டும், அப்புறம் கட்டு அவிழ்க்கிறேன்னு நின்னிருந்தா எவன் புண்ணும் ஆறியிருக்காது. எரிச்சலோட கட்டின கட்டும் ஆறத்தான் செஞ்சுது. ஆனா எரிச்சல்ல கை முரடாச்சுன்னா அது அவனுக்கு வலிக்கும். அதனால 1 கொரிந்தியர் 13-ஆம் அதிகாரத்தை நான் கையைப் பாத்துக்கறதுக்குப் படிப்பேன். நெஞ்சுல பொங்குதான்னு தேடறதுக்கு இல்ல. நீடிய சாந்தம்னு முதல் அடையாளமா எழுதியிருக்கார். எரிச்சல் மூட்டற ஆளே இல்லாத இடத்துல நீடிய சாந்தத்துக்கு என்ன வேலை? கொரிந்து சபையில அந்நியபாஷை பேசறதுல போட்டி, திருவிருந்துல ஒருத்தன் பசியா இருக்க இன்னொருத்தன் வெறிச்சுக் குடிக்கிறான். அந்தக் கூட்டத்துக்கு எழுதினது அது. பெருமைக்கு அன்னதானம் போடறவன் கேட்டுத் திருந்தணும். பொட்டலத்தை எறிஞ்ச மறுநாளும் போனவ அதைப் படிச்சுட்டு அழுதா பவுலே சங்கடப்படுவார்.

மத்தேயு 21-ல ரெண்டு குமாரர் கதையும் இருக்கு. போறேன் ஐயான்னு சொன்னவன் போகல. மாட்டேன்னு சொன்னவன் மனஸ்தாபப்பட்டுப் போனான். எவன் தகப்பன் சித்தத்தைச் செஞ்சான்னு இயேசு கேட்டார். போனவன் சிரிச்ச மூஞ்சியோட போனான்னு அங்க எழுதலையே.

கலாத்தியர் 5:6-ல மூணையும் ஒரே வரியில கட்டி வச்சிருக்கார் பவுல்: "அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசமே உதவும்." தம்பி 'கிருபை மட்டும்' எபேசியர் 9-ஆம் வசனத்தோட நிறுத்திட்டாப்ல. 10-ஐயும் படிச்சிருக்கலாம், நற்கிரியைகளைச் செய்யறதுக்குத்தான் நாம சிருஷ்டிக்கப்பட்டோம்னு இருக்கு.

மறக்காம இன்னொண்ணு: மிச்சம் இருக்கற வலது காலை தினம் பாருங்க. விரல் இடுக்கு, உள்ளங்கால், குதிகால். அவருக்கு வலி தெரியாது. சின்னக் கொப்புளம்னாலும் அன்னிக்கே கிளினிக்.

---

தைப்பிங் ஆசிரியர் எழுதியது:

நான் கத்தோலிக்கன், ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். டிரசர் ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஒன்றிரண்டு மட்டும் சேர்க்கிறேன்.

எங்கள் பக்கம் புனித தாமஸ் அக்வினாஸ் 13-ஆம் நூற்றாண்டிலேயே அன்பு என்பது உணர்ச்சியில் அல்ல, சித்தத்தில் இருக்கிறது என்று விளக்கினார். மற்றவனுக்கு நன்மை உண்டாக வேண்டும் என்று விரும்பி அதற்காகச் செயல்படுவதே அன்பு. விசுவாசத்துக்கு உருவம் கொடுப்பது அந்த அன்புதான் என்றார். 1547-இல் திரிதெந்து சங்கமும் (கத்தோலிக்க ஆயர்களின் பேரவை) இதே கலாத்தியர் வசனத்தைத்தான் எடுத்தது. அந்த ஊரில் அன்று லூத்தரன்களுக்கு எதிராகத் தீர்ப்பு எழுதினார்கள். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லூத்தரன் கூட்டமைப்பும் சேர்ந்து ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியால் அல்ல, அருளால் மட்டுமே ஏற்றுக்கொள்ளப்படுகிறோம், அந்த அருளே நற்செயலுக்கு நம்மை அழைக்கிறது என்பது அதன் சாரம். 2006-இல் உலக மெதடிஸ்ட் மன்றமும் சேர்ந்துகொண்டது. அதாவது, உங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் டீ வருவதற்கு முன் நடந்த சண்டையைப் பெரியவர்கள் பெருமளவு பேசி முடித்துவிட்டார்கள். செய்திதான் நம் ஊர்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை. எல்லாம் தீர்ந்தது என்றும் சொல்ல மாட்டேன், புண்ணியபலன் பற்றி இன்னும் பேச்சு நடக்கிறது.

அம்மா, அன்னை தெரேசா இறந்தது 1997-இல். பத்து ஆண்டு கழித்து அவருடைய கடிதங்கள் வெளிவந்தபோது உலகமே திகைத்தது. பல பத்தாண்டுகள் கடவுளின் சமீபத்தை அவர் உணரவே இல்லை, உள்ளே ஒரே இருட்டு என்று எழுதியிருந்தார். அத்தனை வருடமும் கல்கத்தாவில் புழுத்த புண்களைக் கழுவிக்கொண்டிருந்தார். 2016-இல் திருச்சபை அவரைப் புனிதர் என்றது.

---

சிப்புட்காரன் எழுதியது:

நான் கிறிஸ்டியன் இல்ல, மாரியம்மன் கோயில் பக்கம். சும்மா எட்டிப் பாத்தேன். கேட்டா கோவிச்சுக்காதீங்க. 2021-ல கோவிட் நேரம் வீட்டு வாசல்ல வெள்ளைக்கொடி கட்டினா உதவி வரும்னாங்கல்ல? எங்க வரிசையிலயும் ஒரு வீட்டுல கட்டினாங்க. யாரோ ஒரு சபைக்காரங்க வந்து அரிசி, சார்டின், மைலோ எல்லாம் கொடுத்தாங்க. புண்ணியம். ஆனா பைக்குள்ள உங்க சாமியைப் பத்தித் துண்டுக் காகிதம். அந்த வீட்டுப் பாட்டி பயந்துட்டாங்க, அரிசியை ஆக்கிச் சாப்பிட்டா மாறணுமான்னு என்னைக் கேட்டாங்க. அது அன்பா, கிரியையா? அக்கா மூஞ்சைத் தூக்கி வச்சுக்கிட்டுக் கொடுக்கற நாசி லெமாக்கே தேவலை போல.

---

ஓய்வு டிரசர்:

தம்பி கேட்டது நியாயம். அதுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். மத்தேயு 25-ல நியாயத்தீர்ப்பு நாள்ல வலது பக்கம் நிக்கறவங்க, ஆண்டவரே, எப்போ உமக்குச் சாப்பாடு கொடுத்தோம்னு கேக்கறாங்க. அவங்களுக்கே தெரியல. காகிதம் வச்சுக் கொடுத்தவனுக்குத் தெரியாம இருக்குமா? கேட்டா சொல்லலாம், யாரை நம்பி இதைச் செய்யறோம்னு. அரிசிக்குள்ள ஒளிச்சு வைக்கக்கூடாது. பாட்டிகிட்ட ஆக்கிச் சாப்பிடச் சொன்னீங்கதானே?

---

கிருபை மட்டும்:

ஐயா, 10-ஆம் வசனத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் தேவன் நம்மை நீதிமானாக ஏற்றுக்கொள்ளும் நீதிமானாக்கப்படுதல் வேறு, அதன்பின் நாம் வாழ்க்கையில் வளரும் பரிசுத்தமாகுதல் வேறு. முதலாவதில் நம் பங்கு ஒன்றுமில்லை. இரண்டையும் கலந்தால், இன்று சோறு கொடுக்காத விசுவாசி இரட்சிப்பை இழந்தானா என்ற பயம் வரும். சகோதரிக்கு வந்திருப்பதும் அந்தப் பயம்தான் என்று நினைக்கிறேன். அவர் சோறு கொண்டு போகட்டும். அதனால் தன் இரட்சிப்பு நிற்கிறது என்று மட்டும் எண்ண வேண்டாம்.

---

ஓய்வு டிரசர்:

இதை முதல்லயே இப்படிச் சொல்லியிருந்தா நான் அவ்வளவு நீளம் எழுதியிருக்க மாட்டேன். பயம் வேணாம்னு நீங்க சொல்றது சரி. அந்த ரெண்டையும் நீங்க இவ்வளவு தள்ளி வைக்கிறதுலதான் எனக்கு ஒப்பல. அதைத் தனி இழையில பேசுவோம்.

---

தோட்டத்து நாசிலெமாக்:

எல்லாத்தையும் நாத்தனாரை உக்கார வச்சு வாசிச்சுக் காட்டினேன். வெஸ்லி மிதிக்கச் சொன்ன இடத்துல கை தட்டுச்சு. தம்பி பயம்னு சொன்னது உண்மைதான், கண்டுபிடிச்சுட்டீங்க. எரிச்சல் போகல. ஐயா சொன்ன மாதிரி வலது காலைப் பாக்கப் போனேன், எதுக்குடி என் காலைத் தூக்கறேன்னு ஒரு கத்து கத்தினார். சுண்டு விரல் இடுக்குல தோல் வெள்ளையா ஊறிப்போயிருக்கு. நாளைக்குக் கடை போடல, கிளினிக் போறோம்.

காடியில ஏத்தி இறக்கத்தான் கஷ்டம். சக்கர நாற்காலி பழசா இருந்தாலும் யார்கிட்டயாவது கிடைக்குமா?

---

தைப்பிங் ஆசிரியர்:

எங்கள் பங்குக் கோயிலில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையார் இருக்கிறார்கள், கேட்டுச் சொல்கிறேன். வீட்டு வாசல் அகலம் எவ்வளவு என்று அளந்து எழுதுங்கள். பழைய ரூமா மூரா என்றால் குளியலறைக் கதவையும் அளக்க வேண்டும்.

---

சிப்புட்காரன்:

அக்கா, நாளைக்குக் காலைல நான் வேன் எடுத்துட்டு வர்றேன். எத்தனை மணிக்கு டோக்கன்?